பூசை அட்டையில் மூன்று பெண்கள்

அத்தியாயம் 6

செத்துப்போனவர் கையில் டீக்கோப்பையோடு வந்து கதவைத் திறந்தார்.

வாசலில் மூன்று பேர் நின்றார்கள். முன்னால் நின்றவள் பக்கத்துப் பண்ணைக்காரி நோனி பக்லி. இரண்டு கைகளாலும் ஒரு பெரிய தட்டைத் தாங்கியிருந்தாள். தட்டில் வேகவைத்து ஆறிய பன்றித்தொடை. அவளுக்குப் பின்னால், காரிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த எத்னா க்ரோனின். இருபது வருஷம் போலீஸில் இருந்து சார்ஜண்டாக வெளியே வந்து, கார்க் நகரில் மாடியறை ஒன்றில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். அவளுக்கும் பின்னால், வாசல் நிலையை முழுதாக அடைத்துக்கொண்டு, அவளுடைய உதவியாளன் ஃப்ளாரி.

"சார், நீங்க சாகலையா?" என்றாள் நோனி. தட்டின் கனம் குரலில் தெரிந்தது.

"இல்லை நோனி. மன்னிச்சுக்கோ."

"நேத்து ரேடியோல சொன்னாங்களே. மரண அறிவிப்புல. டெரிவான் பள்ளிக்கூடம் கார்னீலியஸ் லெஹேன், திடீர்னு, வெள்ளிக்கிழமை காலைல பதினோரு மணிக்குப் பூசைன்னு. துக்க வீட்டுக்குன்னு அப்பவே அடுப்புல பானைய ஏத்திட்டேன்."

"எவனோ ஒரு பொறுக்கியோட விளையாட்டு. நீ வீட்டுக்குப் போ."

நோனி நகரவில்லை. "அப்ப செத்தது யாரு சார்?"

வாத்தியார் லெஹேன் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். எழுபத்தைந்து வயதிலும் முதுகு வளையாத மனிதர். பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் நாற்பது வருஷமாகத் தனியாக இருக்கிறார். டெரிவானில் நடுவயதைத் தொட்டவர்களில் அவரிடம் அடி வாங்காதவர்கள், வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்தவர்கள் மட்டும்தான்.

"அம்மா, அந்தத் தட்டை இப்படிக் கொடுங்க," என்றான் ஃப்ளாரி. "உயிரோட இருக்கறவங்களுக்கும் பசிக்கும்."

உள்ளே மேஜைமேல் மூன்று பூசை அட்டைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. செத்தவர் வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்க் கொடுக்கிற சாதாரண அட்டைகள்தான். மூன்றிலும் ஒரே வாசகம்: கார்னீலியஸ் லெஹேனின் ஆன்மா இளைப்பாறப் பூசை ஒப்புக்கொடுக்கப்படும். கீழே ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் ஊர்ப் பங்குச் சாமியாரின் கையெழுத்து. அதற்கும் கீழே, பூசைக்குச் சொன்னவரின் பெயர். முதல் அட்டையில் அபிகெயில். இரண்டாவதில் டெபோரா. மூன்றாவதில் அபைனா.

"வாரத்துக்கு ஒண்ணுன்னு தபால்ல வந்துச்சு," என்றார் வாத்தியார். "நேத்து ரேடியோ. வெள்ளிக்கிழமை என்னைப் புதைக்க நாள் குறிச்சுட்டாங்க."

"இந்த மூணு பேர்ல யாரையாவது தெரியுமா சார்?" என்று எத்னா கேட்டாள்.

"தெரியாது."

"உங்ககிட்டப் படிச்சவங்க?"

"வருகைப் பதிவேட்டை நாற்பது வருஷம் என் கையாலேயே எழுதினேன். அபிகெயிலும் இல்லை, டெபோராவும் இல்லை, அபைனாவும் இல்லை. வேணும்னா பதிவேட்டைக் கொண்டு வந்து காட்டறேன்."

எத்னா மூன்றாவது அட்டையை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஆனால் நடுவில் காகிதம் பஞ்சுபோல் எழும்பியிருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தாள். பென்சில் எழுத்து போயிருந்தாலும் பென்சில் பதிந்த பள்ளம் போகவில்லை.

"நாய் வீட்டுக்கு வந்து சேர்ந்ததா?" என்று வாசித்தாள். "இதை யார் அழிச்சது?"

"வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

"நாய் வளர்த்தீங்களா சார்?"

"இல்லை. எப்பவும் இல்லை."

கேள்வி முடிவதற்குள் வந்த பதில். எத்னாவின் பார்வை பின்கதவுக்குப் போனது. பச்சை பெயின்ட் நாலைந்து முறை பூசப்பட்ட கதவு. அதன் கீழ்ப்பகுதியில், முழங்கால் உயரத்துக்கு, பெயின்ட் மூடியும் மூடாத நீளமான கீறல்கள். உள்ளே விடச் சொல்லி ஏதோ ஒன்று வருஷக்கணக்கில் பிறாண்டிய கதவு.

"வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி கண்டுபிடிக்கணும்," என்றார் வாத்தியார். "அவ எங்க தங்கியிருக்கான்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை என் வக்கீல் பார்த்துக்குவார்."

*

"கொலை பண்றவன் தோட்டா அனுப்புவான், சார்ஜண்ட்," என்றான் ஃப்ளாரி, காரை ஓட்டிக்கொண்டே. பன்றித்தொடை பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. "இவங்க பூசை அனுப்பறாங்க. சாகறதுக்கு முன்னாடியே ஆன்ம சாந்தி. எனக்கு விரோதிங்க வாய்ச்சா இப்படித்தான் வாய்க்கணும்."

"உனக்குப் பூசை சொன்னா பத்தாது. புதுசா ஒரு கோயிலே கட்டணும்."

மூன்றாவது அட்டையில் கையெழுத்துப் போட்ட சாமியார் பத்து மைல் தள்ளி இருந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். அபைனா என்று சொன்னவள் ஐம்பது வயதுப் பெண். சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. பேச்சு இங்கிலாந்துப் பேச்சு, ஆனால் அடியில் இந்தப் பக்கத்து இழுப்பு. சின்ன சிவப்புக் காரில் வந்தாள். நம்பர் பிளேட் இங்கிலாந்தினுடையது.

அவருடைய தொலைபேசியிலேயே எத்னா மற்ற இருவரையும் கூப்பிட்டாள். டெபோரா? சாம்பல் கோட்டு, சிவப்புக் கார். அபிகெயில்? சிவப்புக் கார், சாம்பல் கோட்டு.

"மூணு பொம்பளைங்க, ஒரே ஒரு கோட்டு," என்றான் ஃப்ளாரி வெளியே வந்ததும். "பாவம், ரொம்பக் கஷ்டப்பட்ட குடும்பம் போல."

"ஒரே பொம்பளை. பேர்தான் மூணு."

"கள்ளப் பேர்னா ஒண்ணு போதுமே. எதுக்கு மூணு?"

எத்னா காரில் ஏறாமல் கதவைப் பிடித்தபடியே நின்றாள். "ஃப்ளாரி, உன் முழுப் பேர் என்ன?"

"காலங்கார்த்தால எதுக்கு அந்தப் பேச்சு?"

"சொல்லு."

"ஃப்ளாரன்ஸ்." ஆறடி நான்கு அங்குல உயரமும் உடைந்து ஒட்டிய மூக்குமாக அவன் அதைச் சொன்னபோது, சாமியார் வீட்டுச் சமையற்காரி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். "நர்ஸுக்கு விண்ணப்பம் போடச் சொல்லி எனக்கு ரெண்டு தடவை கடிதாசி வந்திருக்கு."

"ஆம்பளைக்கு அந்தப் பேரை எவன் வச்சான்?"

"தாத்தா பேர் ஃபினீன். நல்ல ஐரிஷ் பேரு. அழகாப் பொறந்தவன்னு அர்த்தம், சிரிக்காதீங்க. அந்தக் காலத்து எழுத்தருக்கும் சாமியாருக்கும் ஐரிஷ் பேர் எழுத வராது. சத்தம் கொஞ்சம் ஒத்துப்போற இங்கிலீஷ் பேர் எதுவோ அதைப் போட்டுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க. எங்க ஊர்ல ஃபினீன் எல்லாம் ஃப்ளாரன்ஸ். டீர்மிட் எல்லாம் ஜெரமையா. டைக் எல்லாம் டிமோத்தி. டைக்னா கவிஞன்னு அர்த்தம். எங்க டிமோத்தி சித்தப்பாவுக்குக் கையெழுத்தே வராது."

"ஆக, ஒரு ஐரிஷ் பேருக்கு எழுதறவன் இஷ்டத்துக்கு ஒரு இங்கிலீஷ் பேர்."

"ஆமா." ஃப்ளாரி நிறுத்தினான். "ஆளுக்கு ஒண்ணு எழுதினா மூணும் ஆகலாம்."

"டெரிவான் கோயிலுக்கு ஓட்டு," என்றாள் எத்னா.

*

டெரிவானின் பங்குச் சாமியார் ஃபாதர் மாலகி டப்ளினிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை ஊர்ப் புனிதையின் திருநாள். பீடத்தில் ஏறி நின்று மெழுகுவர்த்திகளை மாற்றிக்கொண்டிருந்தார். எத்னா மூன்று பெயர்களையும் சொன்னாள்.

அவர் இறங்காமலே ஜன்னலைக் கைகாட்டினார். வண்ணக் கண்ணாடியில் நீல அங்கி போட்ட ஒரு பெண். காலடியில் தேன்கூடு. தலையைச் சுற்றி ஒளிவட்டம் போதாதென்று தேனீக்களும்.

"எங்க புனிதை கோப்னட். இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு பொண்ணுக்கு அந்தப் பேர் உண்டு. மாடு திருட வந்தவங்க மேல தேனீயை ஏவி விட்டாளாம். கோப்னட்டை இங்கிலீஷ்ல என்னன்னு எழுதறது? ஒருத்தர் அபிகெயில்னு எழுதினார். ஒருத்தர் அபைனான்னார். கொஞ்சம் படிச்ச சாமியார் ஒருத்தர் இருந்திருக்கார், அவர் டெபோரான்னு போட்டார்."

"சத்தம்கூட ஒத்துப்போகலையே, ஃபாதர்," என்றான் ஃப்ளாரி.

"எபிரேய மொழியில டெபோரான்னா தேனீ."

ஃப்ளாரி கண்ணாடித் தேனீக்களைப் பார்த்தான். "என் பேரை எழுதினவர் அவ்வளவு யோசிச்சிருக்கலாம்."

"ஃபாதர், நேத்து ரேடியோவுக்கு அந்த அறிவிப்பைக் கொடுத்தது யாரு?"

"நான்தான்," என்றார் மாலகி, ஆச்சரியத்தோடு. "ஆண்டு நினைவுப் பூசை. மரண அறிவிப்பு முடிஞ்ச கையோட நினைவுப் பூசையும் வாசிப்பாங்க. அந்தம்மா எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்பினேன். ஏன், தப்பா வாசிச்சுட்டாங்களா?"

நகலை எடுத்துக் கொடுத்தார். டெரிவான் பள்ளிக்கூடம் கார்னீலியஸ் லெஹேன். திடீரெனப் பிரிந்தவர். தங்கையால் ஆழ்ந்து நினைவுகூரப்படுகிறார். பூசை வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு.

ஊர் முழுக்கப் பெயரையும் நேரத்தையும் மட்டும் காதில் வாங்கிக்கொண்டு அடுப்பில் பானை ஏற்றியிருந்தது. நடுவில் இருந்த ஒரு சொல்லை யாரும் கேட்கவில்லை.

"வாத்தியாருக்குத் தங்கச்சி உண்டா?"

"ஒரே பிள்ளை அவர்."

ஞானஸ்நானப் பதிவேட்டை விரித்தார்கள். லத்தீனில் எழுதப்பட்ட பழைய தாள்கள். 1942: டெபோரா, தகப்பன் எட்மண்ட் லெஹேன். ஃப்ளாரியின் தடித்த விரல் இரண்டு தாள் பின்னால் போய் நின்றது. 1940: கார்னீலியஸ், தகப்பன் அதே எட்மண்ட் லெஹேன்.

"இந்த ஊர்ல பாதிப் பேர் லெஹேன்," என்றான். "அதுல கால்வாசி கார்னீலியஸ். ஐரிஷ்ல கொன்ஹூர். வாத்தியாரும் கொன்ஹூர் லெஹேன், இந்தப் பையனும் கொன்ஹூர் லெஹேன்."

எத்னா பதிவேட்டை மூடினாள். "பள்ளிக்கூடத்துப் பதிவேடு எந்த பாஷையில எழுதுவாங்க, ஃபாதர்?"

"சுதந்திரத்துக்கு அப்புறம் ஐரிஷ்லதான்."

"அபிகெயில் என் பதிவேட்டுல இல்லைன்னார். உண்மைதான். இருந்தது கோப்னட்." அவள் கார் வரைக்கும் நடந்தாள். "நாற்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைங்க பேரை ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்கு மாத்தி மாத்தி எழுதினவர், ஃப்ளாரி. மூணும் ஒரே பேர்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியாம இருக்காது."

"அவ எங்க தங்கியிருக்கான்னு சொல்லுங்கன்னார். மூணு அட்டை, மூணு பேர். ஆனா அவர் வாயில வந்தது 'அவ'. யாருன்னு கண்டுபிடிக்க நம்மளைக் கூப்பிடல. எங்கன்னு கண்டுபிடிக்கக் கூப்பிட்டிருக்கார்."

*

பிப்ரவரி மாதத்தில் இங்கிலாந்து நம்பர் பிளேட்டோடு அந்த வட்டாரத்தில் நின்ற கார் ஒன்றே ஒன்றுதான். ஃப்ளாரிக்கு இருபது நிமிஷம் போதுமானதாக இருந்தது. பக்கத்து டவுனில் பழைய ஆலைக்கு எதிரே ஒரு தங்கும் விடுதி. மாடியறையில் சாம்பல் கோட்டு ஆணியில் தொங்கியது.

கோப்னட் லெஹேன் ஒல்லியான பெண். கவென்ட்ரி ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். அவர்களை உட்காரச் சொன்னாள், தான் உட்காரவில்லை.

"அவர் அனுப்பினாரா?"

"ஆமா," என்றாள் எத்னா.

"என்னமோ குத்தம்னு சொல்றாரா? நான் எழுதினதுல ஒரு வார்த்தை பொய் இல்லை. அபிகெயில்னு என் பிறப்புச் சான்றிதழ்ல இருக்கு. டெபோரான்னு கோயில்ல இருக்கு. அபைனான்னு இங்கிலாந்துல கன்னியாஸ்திரிங்க எழுதினது. என் அண்ணன் பேர் கார்னீலியஸ் லெஹேன். செத்துட்டான். பூசை சொன்னேன்."

"அட்டையை ஏன் வாத்தியார் வீட்டுக்கு அனுப்பினீங்க?"

"அவன் கடைசியாப் போன விலாசம் அதுதான்."

 

அவள் சொன்னாள். 1952. பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து தன் பெயரின் அர்த்தத்தைச் சொல்ல வேண்டும் என்று வாத்தியார் ஒரு வாரமாகத் தயார்ப்படுத்தியிருந்தார். பதினொரு வயது கொன்ஹூர் எழுந்து, நாய்களை நேசிப்பவன் என்று சரியாகச் சொன்னான். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே, உங்க வாத்தியார் பேரும் அதுதானே என்று கேட்டார். ஆமாம் ஐயா, அதனாலதான் நாள் முழுக்கக் குரைக்கிறார் என்றான் பையன்.

"இன்ஸ்பெக்டர் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சார். மறுநாள் கோப்னட் திருநாள். பள்ளிக்கு லீவு. நீ மட்டும் வாடான்னு அவனைக் கூப்பிட்டார். நானும் கூடப் போய்ச் சுவரோரம் நின்னேன். அவரோட நாய் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஓடிப்போயிருந்துச்சு. ரெண்டு நாள் மழை. நடந்து கடக்கிற கல்லெல்லாம் முங்கிப்போச்சு. நாய்ப் பிரியன்தானே நீ, போய்க் கூட்டிட்டு வாடான்னார்."

கீழே தெருவில் ஒரு டிராக்டர் போனது. அது போய் முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

"நாய் திரும்பி வந்துச்சு. அவனை ஒம்பது நாள் கழிச்சு ஆலை மதகுல எடுத்தாங்க. அன்னைக்கு லீவு, பையன் பள்ளிப்பக்கமே வரலன்னு விசாரணையில சத்தியம் பண்ணார். எனக்கு ஒம்பது வயசு. யார் கேப்பா? அடுத்த ஞாயிறு அப்ப இருந்த சாமியார் பீடத்துல நின்னுக்கிட்டு, வெள்ளம் போற ஆத்துல பிள்ளையை விளையாட விடற தாயெல்லாம் ஒரு தாயான்னு பிரசங்கம் பண்ணார். எங்கம்மா அந்தக் கோயிலுக்குள்ளதான் உட்கார்ந்திருந்தா."

"இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தீங்க?"

"அம்மா விடல. வாத்தியாரைப் பகைக்கக் கூடாதுன்னு கவென்ட்ரியில இருந்துக்கிட்டே பயந்தா. நவம்பர்ல அவளும் போயிட்டா. இப்ப என்னைத் தடுக்க ஆள் இல்லை."

"இவ்வளவு வருஷம் கழிச்சு உங்களுக்கு என்ன வேணும்?"

"அவர் சாகணும்னு நான் நினைக்கல. சாவு சுலபம். அவர் உயிரோட இருக்காருன்னு ஊருக்கு நிரூபிக்கணும்னா, செத்தவன் யாருன்னு அவர் வாயாலேயே சொல்லியாகணும். அது வேணும் எனக்கு. எங்கம்மா உட்கார்ந்து கேட்ட அதே கோயில்ல."

"சொல்லலைன்னா? அன்னைக்குப் பார்த்தவங்க வேற யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தர். பாட் டூமி. அண்ணன் வகுப்புதான். பாலத்துல கழுதை வண்டியோட நின்னான். நேத்து அவன் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திட்டான்." கோட்டின் பொத்தான் ஒன்றைத் திருகினாள். "நாளைக்குக் காலைல அவரோட வக்கீல் இங்க வந்து நிப்பார், இல்லையா? நீங்க சொல்லிடுவீங்க."

எத்னா எழுந்தாள். "நான் அவருக்காக வேலை பாக்கறேன், மிஸ் லெஹேன். அவர்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."

*

வியாழக்கிழமை மதியம் எத்னா பள்ளிக்கூட வீட்டு வாசற்படியில் நின்றபடியே பேசினாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"மூணு பேரும் ஒரே ஆள்தான், சார். உங்களைக் கொல்ற எண்ணம் அவளுக்குக் கிடையாது."

"எங்க இருக்கா?"

"நாளைக்குப் பதினோரு மணிக்குக் கோயில்ல இருப்பா."

"நான் கேட்டது இன்னைக்கு."

"இன்னைக்கு எங்கன்னு நான் சொல்லப்போறதில்லை. வேணும்னா வேற ஆளை வச்சுத் தேடிக்குங்க. நாற்பது மைலுக்குள்ள என்னைத் தவிர யாரும் இல்லை."

வாத்தியார் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். பாடம் ஒப்பிக்காத பிள்ளையைப் பார்க்கிற பார்வை. பிறகு, எத்னா எதிர்பார்க்காதபடி, புன்னகை செய்தார்.

"நல்லது. நானும் வரேன். முன்வரிசையில உட்காருவேன். நான் இருக்கற இடத்துல இந்த ஊர்ல எவனும் வாயைத் திறந்ததில்லை. அதையும் பாருங்க."

காரில் ஃப்ளாரி சாவியைப் போட்டான், திருப்பவில்லை. "அவர் சொல்றது நடந்துட்டா? பாட் டூமி நாளைக்கும் கதவைச் சாத்திட்டா?"

"சாத்தினா, அவ ரெண்டாவது தடவையும் தோப்பா. அதே ஆள்கிட்ட. அதே கோயில்ல."

"தெரிஞ்சேதான் விடறீங்களா?"

"வண்டியை எடு," என்றாள் எத்னா.

*

திருநாள் என்பதால் கோயில் நிறைந்திருந்தது. நோய்க்குக் காப்பாகப் புனிதையின் மரச்சிலையில் வைத்து அளந்து எடுத்த ரிப்பன்களைப் பெண்கள் விரலில் சுற்றி வைத்திருந்தார்கள். ஆனால் யாரும் சிலையைப் பார்க்கவில்லை. முன்வரிசையில், கறுப்புக் கோட்டில், செத்துப்போனவர் உட்கார்ந்திருந்தார்.

எத்னாவும் ஃப்ளாரியும் பாதிக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கடைசி வரிசையில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு குனிந்திருந்த சிவந்த முகத்து ஆளை ஃப்ளாரி கண்ணால் காட்டினான். பாட் டூமி வந்திருந்தார்.

ஃபாதர் மாலகி பீடத்துக்கு வந்து வாயைத் திறப்பதற்குள் வாத்தியார் எழுந்தார். நடுப்பாதையில் வந்து நின்று, சாமியாருக்கு முதுகைக் காட்டி, வகுப்பைப் பார்ப்பதுபோல் ஊரைப் பார்த்தார்.

"எனக்காகச் சமைச்ச எல்லாருக்கும் நன்றி," என்றார். இங்கும் அங்கும் சிரிப்பு. "நான் உயிரோடதான் இருக்கேன். ரேடியோவுல வந்தது, இங்கிலாந்துலேர்ந்து வந்திருக்கிற சித்தம் கலங்கின ஒரு பொண்ணோட வேலை. பரிதாபப்பட்டு விட்டுடலாம். ஃபாதர், இனி திருநாள் பூசையை ஆரம்பிக்கலாம்."

"நீங்க செத்துட்டதா யாரும் சொல்லலையே, சார்," என்றார் மாலகி. டப்ளின்காரரின் குரலில் பயமில்லை. பயப்பட அவருக்குக் காரணமும் இருந்ததில்லை. "இந்தப் பூசை எட்மண்ட் லெஹேனோட மகன் கார்னீலியஸுக்கு. பதினொரு வயசுப் பையன். ஆத்துல போனவன்."

சிரிப்பு நின்ற இடம் தெரியவில்லை. சுவரோரப் பெஞ்சிலிருந்து கோப்னட் எழுந்தாள்.

"உங்க நாய் வீட்டுக்கு வந்து சேர்ந்துச்சா சார்?"

"என்கிட்ட நாயே இருந்ததில்லை."

ரிப்பன்கள் அசையவில்லை. எத்னா மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஐந்து வரை. பத்து வரை. முன்வரிசையிலிருந்து கதவு வரை இருந்த தலைகள் எல்லாம் குனிந்தே இருந்தன. வாத்தியாரின் உதட்டோரம் மறுபடி அந்தப் புன்னகை வந்தது.

"இருந்துச்சு சார்."

கடைசி வரிசையில் பாட் டூமி நின்றுகொண்டிருந்தார். தொப்பி கையில் கசங்கியது.

"சாம்பல் நிறம். ஒரு காது கிழிஞ்சிருக்கும். நான் பாலத்துல நின்னேன். முழுசா நனைஞ்சு வந்துச்சு. பின்னாலயே பையன் வருவான், வண்டியில ஏத்திக்கலாம்னு கழுதையை நிறுத்தி வச்சிருந்தேன்." மூச்சு வாங்கினார். "இருட்டுற வரைக்கும் நின்னேன்."

"பாட், உட்காரு," என்றார் வாத்தியார்.

ஐம்பத்து மூன்று வயது மனிதரின் முழங்கால் தானாகவே மடங்கத் தொடங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். பெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர் மறுபடி நிமிர்ந்தார்.

"மாட்டேன் சார்."

வாத்தியார் ஊரைப் பார்த்தார். குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டிருந்தன. அவர் பேசியபோது குரல் முதல்முறையாக உயர்ந்தது.

"நாயைக் கூட்டிட்டு வான்னுதான் சொன்னேன். ஆத்துல இறங்குன்னு நான் சொல்லலையே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது.

கோப்னட் அழவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. "பூசையை ஆரம்பிங்க, ஃபாதர்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வாத்தியார் தன் இடத்துக்குத் திரும்பினார். அவர் எழுந்துபோன இடத்தில் இப்போது நோனி பக்லி நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவனும் அவனுக்குப் பக்கத்தில் மகன்களும் தோளோடு தோள் ஒட்டி, நேராகப் பீடத்தைப் பார்த்தார்கள். அவர் அடுத்த வரிசைக்கு வந்தார். அங்கும் யாரும் நகரவில்லை. பூசை தொடங்கிவிட்டது. முதிய கால்கள் ஒவ்வொரு பெஞ்சாக நின்று நின்று நடுப்பாதையில் பின்னோக்கி வந்தன.

எத்னாவுக்கு இடப்பக்கம் பெஞ்சின் ஓரத்தில் ஓராள் உட்கார இடம் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார். ஒரு கையால் பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து நின்றார்.

எத்னா மடியிலிருந்த கைப்பையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.